ஓணான், ஓந்தி, உடும்பு, கொய்யா: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள், அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள், ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்ப் படம் பிடித்து வருபவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. நாலு கால், நீண்ட வால், செதில் உடம்பு இருந்தால் போதும், எல்லாவற்றையும் 'ஓணான்' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். நாம் பேசும் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்து வெயில் காட்டில் வழங்கியவை. முதலில் கோப்பிக்கும் அப்புறம் தேயிலைக்கும் வந்த நம் முன்னோரோடு சேர்ந்து மலை ஏறியவை. மலையில் ஏற்கெனவே இருந்த பிராணிகளோ வேறு. பெயரும் பிராணியும் ஒட்டாமல் நிற்கும் இடங்களில்தான் கேள்வி கிளம்புகிறது.

ஓணான் என்பது சரியாக எது?

வேலியிலும் தேயிலைச் செடியின் மேலும் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அது. முதுகில் முள் வரிசை, உடம்பைவிட நீளமான மெல்லிய வால், தனித்தனியாகப் பிரிந்த விரல்கள், இமை மூடித் திறக்கும் கண். பல்லிக்கு இமை கிடையாது. அது தன் கண்ணைத் தானே நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இது ஒன்றே போதும்.

இலங்கையில் நாம் அதிகம் காண்பவை இரண்டு. ஒன்று பழுப்பு நிறத் தோட்டத்து ஓணான். மற்றது நல்ல பச்சை உடம்பும் மிக நீண்ட வாலும் உள்ள பச்சை ஓணான். மேலே, நுவரெலியாப் பக்கம் ஏறினால் மூன்றாவது ஒன்று வந்துவிடும்: பச்சை உடம்பு, கன்னத்தில் கறுப்புப் பட்டை. இந்தக் கறுப்புக் கன்னத்து ஓணான் இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்புதர் இருக்கிறதல்லவா, வெள்ளைக்காரர் ஊரிலிருந்து வந்த செடி, அதன் முள்ளுக்குள்ளேதான் இது சுகமாக ஒளிந்துகொள்கிறது.

ஓந்தி, ஓதி, ஓணான் எல்லாம் ஒன்றுதானா? எங்கிருந்து வந்த சொல்?

ஒன்றுதான். ஓதி, ஓத்தி, ஓந்தி, ஓந்தான், ஓணான் என்று தமிழில் இதற்குப் பல வடிவங்கள் உண்டு. மலையாளத்தில் இது 'ஓந்து', கன்னடத்தில் 'ஓதி', துளுவில் 'ஓந்தி'. நாலு மொழியிலும் ஏறத்தாழ ஒரே பெயர் இருக்கிறதென்றால், அம்மொழிகள் பிரியும் முன்பே இருந்த பழைய சொல் என்று அர்த்தம். வடமொழியிலிருந்தோ சிங்களத்திலிருந்தோ வந்ததல்ல. 'ஓதுகிறது, அதனால் ஓதி' என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். தலையை ஆட்டுவதைப் பார்த்தால் மந்திரம் ஓதுகிற மாதிரித்தான் இருக்கும், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்து மொழிகளில் உள்ள 'ஓந்து'வை அந்த விளக்கத்தால் தொட முடியாது.

எழுத்தில் இது எவ்வளவு பழையது என்பதற்குக் குறுந்தொகை 140ஆம் பாட்டைப் பார்க்கலாம். பொருள் தேடிப் போன காதலனை நினைத்து ஒருத்தி சொல்கிறாள்: 'வேதின வெரிநின் ஓதி முதுபோத்து, ஆறுசெல் மாக்கள் புட்கொளப் பொருந்தும் சுரனே சென்றனர் காதலர்.' வேதினம் என்பது பல் வைத்த கருக்கரிவாள். வெரிந் என்றால் முதுகு. போத்து என்றால் ஆண். அரிவாள் பல் போன்ற முதுகை உடைய கிழட்டு ஆண் ஓந்தி; வழிப்போக்கர்கள் அதைப் பார்த்துச் சகுனம் எடுத்துக்கொள்ளும் பாலை வழி. முள் முதுகை இரண்டு சொல்லில் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஓந்தி அப்போதே பாலை நிலத்து வெயில் பிராணி என்பதையும் கவனியுங்கள். பனியும் மழையுமாக இருக்கும் நம் மலைக்கு அந்தப் பெயர் பொருந்த வேண்டுமென்றால் கொஞ்சம் இழுத்துத்தான் பொருத்த வேண்டும்.

'கரட்டோணான்', 'கரட்டாண்டி' என்ற பெயர்களும் காதில் விழும். கரடு என்றால் சொரசொரப்பு, மேடு பள்ளம். தோலைப் பார்த்து வைத்த பெயர், வேறு இனம் ஒன்றுமில்லை.

எங்கள் தோட்டத்தில் பச்சோந்தி இருக்கிறது. நிறம் மாறியதைக் கண்ணால் பார்த்தேன். இல்லை என்கிறீர்களே?

நிறம் மாறியதைப் பார்த்திருப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. பச்சோந்தி என்றால் பச்சை ஓந்தி, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பச்சை ஓணானைப் பச்சோந்தி என்று யார் சொன்னாலும் தமிழில் பிழையில்லை. ஆனால் இன்று பாடப்புத்தகங்கள் இப்பெயரை வேறொரு பிராணிக்கு ஒதுக்கிவிட்டன: கண்களை இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுழற்றும், விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் குறடு போல் கிளையைப் பிடிக்கும், நாக்கை உடம்பு நீளத்துக்கு எறிந்து பூச்சி பிடிக்கும், வாலைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் அந்த மெதுநடைக்காரன். இலங்கையில் அது வடமேற்கு உலர்வலயத்தில், புத்தளம், வில்பத்து, மன்னார்ப் பக்கத்தில் இருக்கிறது. தேயிலை மலையில் இல்லை.

உங்கள் தோட்டத்தில் பார்த்தது ஓணானாகத்தான் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் தொண்டையும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். இன்னொரு ஆண் பக்கத்தில் வந்தாலும் அப்படித்தான். முன்காலை ஊன்றி உடம்பை ஏற்றி இறக்கிச் சண்டைக்கு அழைக்கும். தோற்றது மங்கிய பழுப்பாகி இறங்கிப் போகும். காலைக் குளிரில் கறுத்துக் கிடப்பது வெயில் ஏறியதும் வெளுப்பதும் உண்டு. கறுப்புத் தோல் சூட்டைச் சீக்கிரம் வாங்கும் என்பதால் குளிர்ந்த மலையில் அதற்கு இது பெரிய உதவி. சுற்றியிருக்கும் இலைக்கு ஏற்ப உடை மாற்றிக்கொள்கிறது என்பது ஓணான் விஷயத்திலும் பாதிதான் உண்மை, நிஜப் பச்சோந்தி விஷயத்திலும் பாதிதான் உண்மை. கோபம், பயம், சூடு, குளிர் இவைதான் முக்கியக் காரணம்.

அரசியல்வாதியைப் பச்சோந்தி என்று திட்டுவது பல மொழிகளில் உண்டு. பிராணியை அப்படித் திட்டுவது நியாயமில்லை. அது தன் மனசில் இருப்பதைத் தோலில் காட்டிவிடுகிறது, இவர்கள் காட்டுவதில்லை.

ஓணான் ரத்தம் உறிஞ்சுமா?

உறிஞ்சாது. ஆனால் 'டேய், அதுக்கிட்ட போகாதடா, தூர நின்னே ரத்தத்த உறிஞ்சிப்புடும்' என்று லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆத்தா ஒருத்தி சொல்லாமல் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை. கேரளத்தில் பிள்ளைகள் ஓந்தைக் கண்டால் தொப்புளைப் பொத்திக்கொள்வார்கள், அதன் வழியாக உறிஞ்சுமாம். தோட்டத்துத் துரைமாரும் தங்கள் ஆங்கிலத்தில் இதை 'ப்ளட் சக்கர்' என்றுதான் சொன்னார்கள். எல்லாம் அந்தச் சிவந்த தொண்டை செய்த வேலை. நம்மைப் பார்த்துத் தலையாட்டுகிறது, ஆட்ட ஆட்டத் தொண்டை சிவக்கிறது. யாருடைய ரத்தம் அது என்று பயம் வராதா? அதன் சாப்பாடு எறும்பு, வண்டு, புழு, பூச்சி.

பிள்ளைகள் ஏன் அதைக் கல்லால் அடிக்கிறார்கள்?

ஒரு பழங்கதை. தாகத்தோடு இருந்த ராமருக்கு அணில் இளநீர் கொண்டுவந்து கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அணில் முதுகில் மூன்று கோடு வாங்கியது, ஓணான் கல்லடி வாங்கியது. இந்தக் கதை தமிழ்நாட்டிலிருந்து அப்படியே வந்தது. லயத்துக்குப் பின்னால் சுருக்குக் கயிறு கட்டிய ஈர்க்குச்சியோடு திரியும் பயல்களுக்குக் கதை தெரியாது, வேலை மட்டும் தெரியும். தேயிலைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் ஆகாத பூச்சியைத் தின்னும் ஜீவனை அடித்துவிட்டு, அப்புறம் மருந்து அடிக்க ஆள் தேடுகிறோம்.

சிங்களத்தில் 'கட்டுஸ்ஸா' என்பது எது?

நம் ஓணான்தான். சிங்களத்தில் கட்டுஸ்ஸா என்ற சொல்லுக்கு முன்னால் அடைமொழி சேர்த்து ஒவ்வொன்றையும் பிரித்துவிடுகிறார்கள். பச்சை ஓணான் 'பலா கட்டுஸ்ஸா'. இந்தப் பலா நம் பலாமரமல்ல. சிங்களத்தில் பலா என்றால் கீரை. கீரைப் பச்சை ஓணான் என்று சொல்லலாம். பழுப்பு ஓணான் 'கரா கட்டுஸ்ஸா'. மலை உச்சியில் இருக்கும் கறுப்புக் கன்னம் 'களு கொப்புல் கட்டுஸ்ஸா'. களு என்றால் கறுப்பு, கொப்புல் என்றால் கன்னம். பல்லிக்கு 'ஹூனா', அரணைக்கு 'ஹிக்கனலா'.

நகரத்துக் கடையில் வேலை செய்யும் நம் பையன்கள் சிலர் தமிழில் பேசும்போதே கட்டுஸ்ஸா என்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடைமொழியோடு சொல்ல வரும்போது சிங்களப் பெயரில் எந்தப் பிராணி என்பது தெளிவாக இருக்கிறது. நம்மிடம் ஓணான் என்ற ஒரே பை. அதற்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிட்டோம்.

மூக்கில் கொம்பு உள்ள ஓணானைப் பார்த்தோம். அதற்குத் தமிழில் என்ன பெயர்?

வழக்கில் தனிப்பெயர் இல்லை. 'கொம்பு ஓணான்' என்று சொன்னால் யாருக்கும் விளங்கும், அப்படியே எழுதுங்கள். நம்மவர் புறப்பட்டு வந்த சமவெளிகளில் இந்தப் பிராணி கிடையாது. கொம்பு ஓணான் இனங்கள் உலகத்திலேயே இலங்கையில் மட்டும்தான் உண்டு. இல்லாத ஒன்றுக்குப் பழைய தமிழ் எங்கே பெயர் வைக்கும்? வந்து சேர்ந்த பிறகு நாம் வைத்திருக்கலாம். ஆனால் விடியப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, கூடையைத் தலையில் மாட்டி, படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலைக்கு ஏறியவர்களுக்கு, கொழுந்து நிறையாத காட்டுக்குள் போய்ப் பார்க்க நேரம் யார் கொடுத்தார்கள்?

இதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஹக்கலைக் காட்டோரத்தில் பாசி படர்ந்த கிளையில் அது ஒட்டி இருந்தால் பாசியின் ஒரு பகுதி என்றே நினைப்போம். முதலில் தெரிவது அந்தக் கொம்பு: மூக்கு நுனியில் வெள்ளையாக, கூராக, முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு நீளமாக இருக்கும். பெண்ணுக்குச் சிறியது, சிலதுக்குக் கொம்பே தெரியாது. விரல் நீட்டினாலும் ஓடாது, ஒரு காலை மட்டும் மெதுவாக எடுத்து வைத்துக் கிளையின் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். ஓணான் என்றால் ஓட்டம் என்று பழகிய நமக்கு இந்த நிதானம் புதுசு.

சிங்களத்தில் 'கங்கமுவ அங் கட்டுஸ்ஸா' என்பார்கள். அங் என்றால் கொம்பு. கங்க என்பது காண்டாமிருகம். அறிவியல் பெயரின் முதல் பாதியான 'செரட்டோபோரா'வுக்கும் கிரேக்கத்தில் கொம்பு தாங்கி என்றுதான் பொருள். நுவரெலியா, ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைப் பக்கத்துக் காடுகள் இதன் இடம். மாத்தளைக்கும் கண்டிக்கும் கிழக்கே நக்கிள்ஸ் மலையில் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. அதன் மூக்கில் இருப்பது கூர்க் கொம்பல்ல, சிறிய இலை போலத் தட்டையான சதை. அதன் அறிவியல் பெயரின் பின்பாதி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டின் பெயர். இறக்குவானை மலைப் பக்கத்திலிருந்து 1998இல் இன்னும் இரண்டு இனங்களை விவரித்தார்கள். அதில் ஒன்றுக்குக் கொம்பு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கொம்பில்லாத கொம்பு ஓணான்! பெயர் வைக்கிறவர்களுக்கு வரும் சங்கடங்களில் இதுவும் ஒன்று.

குட்டி போடும் ஓணான் உண்டு என்கிறார்கள், உண்மையா?

உண்மை. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பாசிக் காடுகளில் ஒரு குள்ள ஓணான் இருக்கிறது. முட்டை இடாமல் நேரே குட்டி ஈனும். ஈரமும் குளிருமான மண்ணில் முட்டையைப் புதைத்துவிட்டுச் சூட்டுக்குக் காத்திருப்பதைவிட, வயிற்றில் வைத்துக்கொண்டு தானே வெயில் காய்வது அதற்கு லாபம். வாலைக் கிளையில் சுருட்டிப் பிடிக்கும், நடையும் மெதுவானது. இதைப் படம் பிடித்து வந்து பச்சோந்தி என்று சாதிப்பவர்கள் பலர். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வெளியே காதுத் துளை தெரியாது என்பதால் அறிவியல் பெயரிலும் கிரேக்கத்தில் 'செவிட்டுக் காது' என்றே வைத்திருக்கிறார்கள். நக்கிள்ஸில் உள்ள இதன் சகோதர இனத்தை 2006இல்தான் தனி இனமாக விவரித்தார்கள்.

குட்டியா, குஞ்சா, பிள்ளையா? எப்படிச் சொல்வது?

தொல்காப்பிய மரபியல்படி 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை'. அடுத்த வரியே 'தவழ்பவை தாமும் அவற்று ஓரன்ன'. பறவைக்குச் சொல்வதைத் தவழ்வனவற்றுக்கும் சொல்லலாம். ஆகவே ஓணான் பிள்ளை, உடும்புப் பிள்ளை இலக்கணப்படி சரி. பேச்சில் குட்டி என்கிறோம், அதுவும் சரி.

கபரக்கொய்யா, தலகொய்யா என்பதில் வரும் கொய்யா என்ன? பழமா?

இந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்டவர் யாருமில்லை. ஆனால் பதிலில் நல்ல விஷயம் இருக்கிறது.

சிங்களத்தில் உடும்பு வகைக்குப் பெயர் 'கொயா'. வடமொழியில் உடும்புக்கு 'கோதா' என்று பெயர். பாலியிலும் அதுவே. இடையில் உள்ள 'த' தேய்ந்து தேய்ந்து சிங்களத்தில் கொயா ஆகிவிட்டது. ஹிந்தியில் இதே சொல் 'கோஹ்' என்று நிற்கிறது. நம் வாயில் அது கொய்யாவாகிவிட்டது, அவ்வளவுதான். கோதா என்ற வடசொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: வில் எய்பவன் நாண் அடி படாமல் இடது முன்கையில் கட்டும் தோல் பட்டை. உடும்புத் தோலின் கெட்டித்தனத்துக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நாம் தின்னும் கொய்யாப் பழம் வேறு. அந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கையில் வந்தது. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிப் பேச்சிலிருந்து ஸ்பானியர் எடுத்த 'குவயாபா', போர்த்துக்கீசர் வாயில் 'கொயாபா' ஆனது. அதன் சாயல்தான் நம் கொய்யா. வேடிக்கை என்னவென்றால், அதே தீவுகளிலிருந்து ஸ்பானியர் இன்னொரு சொல்லையும் எடுத்தார்கள்: 'இகுவானா', அங்குள்ள பெரிய ஓணான் ஒன்றின் பெயர். அப்புறம் ஆசியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் உடும்பைப் பார்த்துவிட்டு அதையும் இகுவானா, குவானா என்றே எழுதித் தள்ளினார்கள். ஆக, கொய்யாப் பழமும் இகுவானாவும் ஒரே கடலோரத்துப் பெயர்கள். நம் ஆற்றங்கரைக் கொய்யா மட்டும் இந்தப் பக்கத்துச் சொந்தக்காரன். இலங்கை உடும்பு இகுவானா அல்ல. பழைய தோட்டத்துக் கடிதங்களில் இகுவானா என்று கண்டால் உடும்பு என்று படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கொய்யாவுக்கும் என்ன வித்தியாசம்?

தலகொய்யா தரையில் திரிவது. இதுதான் தமிழில் உடும்பு என்று நாம் சொல்வது. கபரக்கொய்யா தண்ணீரை விட்டு விலகாதது, உருவத்தில் பெரியது, கறுத்த உடம்பில் மஞ்சள் திட்டுகள். கபர என்றால் திட்டுத் திட்டான, புள்ளி விழுந்த என்று அர்த்தம். பாலியிலும் அதே சொல் அதே பொருளில் உண்டு. கண்டி வாவியைச் சுற்றி நடந்தால் கரைக் கல்லில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். முதலை என்று கத்துபவர்களும் இருப்பார்கள்.

1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கி, 1679இல் தப்பிய ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் புத்தகத்தில் இரண்டையும் பெயரோடு எழுதியிருக்கிறார். முதலை போலிருக்கும் கபரக்கொய்யாவை யாரும் தின்பதில்லை, தலகொய்யாவை ருசியான இறைச்சி என்று தின்கிறார்கள் என்பது அவர் கணக்கு. மலைநாட்டில் பத்தொன்பது வருடம் கிடந்தவர், சாப்பாட்டு விஷயத்தில் கவனமாகத்தான் இருந்திருப்பார்.

கபரக்கொய்யா விஷமா?

அதை வைத்து விஷ எண்ணெய் காய்ச்சலாம் என்று பழைய நம்பிக்கை உண்டு. அந்தப் பயத்தால்தான் அது தப்பிப் பிழைத்து ஊருக்குள்ளேயே உலவுகிறது. எலும்பும் செத்ததும் அழுகியதும் தின்று ஊரைச் சுத்தம் செய்யும். சீண்டினால் வாலால் விளாசும், கடிக்கவும் செய்யும். கடித்த புண் சீழ் பிடிக்கக்கூடும், மருந்து போட வேண்டும். தள்ளி நின்று பார்த்தால் ஒரு தொல்லையும் இல்லை.

'உடும்பு' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

ஓந்தியைப் போல இதுவும் பழைய திராவிடச் சொல். மலையாளத்தில் உடும்பு, கன்னடத்தில் உடு, தெலுங்கில் உடுமு. சிங்களம் வடக்கேயிருந்து கோதாவை எடுத்துக்கொண்டது, தமிழ் தன் பழைய சொல்லை விடவில்லை. உடும்புப் பிடி என்பது இதுதான் போலிருக்கிறது.

அந்தப் பிடி நிஜம். நகத்தைப் பாறை இடுக்கில் ஊன்றி உடம்பை உப்பிக்கொண்டால் இழுத்து எடுக்க முடியாது. வேட்டைக்காரன் கை பொந்துக்குள் மாட்டிக்கொண்டால் 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்ற பழமொழிதான் மிஞ்சும். தோட்டத்தில் இந்தப் பழமொழியைச் சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களும், வட்டிக்கு வாங்கியவர்களும் அதிகம் பயன்படுத்தக் கேட்டிருக்கிறேன்.

சங்கப் பாட்டில் உடும்பு வேறொரு வேதனைக்கு உவமையாகிறது. புறநானூறு 68இல் கோவூர் கிழார் பசித்த பாணன் குடும்பத்தைச் சொல்லும்போது 'உடும்பு உரித்தன்ன என்பு எழு மருங்கின்' என்கிறார். தோல் உரித்த உடும்பு போல எலும்பு புடைத்த விலா. உடும்பை உரித்துப் பார்த்த சமூகத்தில்தான் இந்த வரி பிறக்கும். கர்நாடக இசையில் வாசிக்கும் கஞ்சிராவின் முகத்துக்கும் வழிவழியாக உடும்புத் தோல்தான் போர்த்தினார்கள். இன்று சட்டம் தடுப்பதால் ஆட்டுத்தோல் போன்ற வேறு தோலுக்கு மாறி வருகிறார்கள்.

தலகொய்யாவின் நாக்கை வாழைப்பழத்தில் வைத்துப் பிள்ளைக்கு விழுங்கக் கொடுத்தால் பேச்சு வன்மை வரும் என்றொரு நம்பிக்கை இலங்கையில் பரவலாக உண்டு. பிளந்த நாக்கு என்பதால் வந்த எண்ணம். பேச்சும் வராது, சட்டமும் விடாது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருக்கிறது; இரண்டு கொய்யாக்களையும் கொல்வதும் பிடிப்பதும் குற்றம்.

பல்லிக்குக் கௌளி என்று ஏன் பெயர்?

பல்லி பலன் பேசும் சாத்திரத்தில் வழங்கும் பெயர் கௌளி. வீட்டில் யாரும் கௌளி என்று சொல்வதில்லை. பஞ்சாங்கத்தில் 'கௌளி சாத்திரம்' என்று போட்டிருக்கும். வெற்றிலைக் கட்டைக் கவுளி என்கிறோமே, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பல்லி என்பதும் பழைய சொல்தான்: கன்னடத்தில் ஹல்லி, தெலுங்கில் பல்லி. தமிழின் 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆகும், பால் ஹாலு ஆவதைப் போல.

சகுனம் பார்ப்பதில் நாமும் சிங்களவரும் ஒரே கட்சி. வெளியே கிளம்பும்போது ஹூனா கத்தினால் அவர்களும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். நம் லயங்களில் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் அச்சிட்டிருக்கும். தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது என்று. தகரக் கூரைக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவே பல்லி ஓடும் வீட்டில் அது யார் தலையிலாவது விழத்தான் செய்யும். 'ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில்' என்று சொன்னவனும் நம்மவன்தான்.

பல்லியின் வால் மாதிரி ஓணானின் வாலும் வளருமா?

வளராது. பல்லியும் அரணையும் வாலைக் கழற்றிவிட்டு ஓடும், பின்பு முளைக்கும். ஓணானுக்கு அந்த வசதி இல்லை, அறுந்தால் அறுந்ததுதான். சுருக்குக் கயிற்றுப் பயல்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

அரணை கடித்தால் மரணமா?

'அரணை', 'மரணம்' இரண்டும் எதுகையாக அமைந்துவிட்டன, அதனால் வந்த வினை. மலையாளத்திலும் இதே சொல், இதே எதுகை, இதே பயம். அரணைக்கு விஷம் கிடையாது. மரக்கறிப் பாத்தியில் சருகைக் கிளறும்போது வழுவழுவென்று பளபளத்து ஓடி மறையும், அவ்வளவுதான் அதன் வீரம். கடிக்க வந்து பாதியில் மறந்து திரும்பிவிடும் என்பதால் மறதிக்காரனுக்கு 'அரணை புத்தி' என்றும் பெயர் வைத்துவிட்டோம்.

டைனோசர் பெரிய பல்லிதானே?

பெயர் அப்படி. கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'பயங்கரப் பல்லி' என்ற பொருளில் ஆங்கிலேயரான ரிச்சர்ட் ஓவன் 1842இல் வைத்தது. உறவு முறையில் டைனோசர் பல்லியைவிட முதலைக்கும் பறவைக்கும் கிட்டத்து ஆள். உங்கள் வீட்டுக் கோழிக்கு அதில் பங்கு அதிகம்.

பள்ளிக்கூடக் கட்டுரையில் எந்தப் பெயரை எழுதுவது?

ஓணான், பல்லி, அரணை, உடும்பு என்ற நாலையும் கலக்காமல் எழுதினாலே பெரிய விஷயம். பொதுவாகச் சொல்ல 'ஊர்வன' இருக்கிறது. ஊர்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பச்சோந்தி என்று எழுதும் முன் விரலையும் கண்ணையும் பாருங்கள். மலையில் கண்டதை எழுதும்போது 'கொம்பு ஓணான்', 'கறுப்புக் கன்னத்து ஓணான்', 'குள்ள ஓணான்' என்று அடைமொழி வைத்து எழுதலாம். எந்த இடம், எந்த மரம், எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதினால் ஆசிரியருக்கும் உதவும். அகராதியில் இல்லையே என்று தயங்க வேண்டாம், பத்துப் பேர் எழுதினால் அகராதி பின்னால் வரும்.

கொம்பு ஓணானைப் பிடித்து வீட்டில் வளர்க்கலாமா? விலைக்குக் கேட்கிறார்கள்.

கூடாது. கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பவர்களுக்காக இவற்றைக் கடத்துகிறார்கள். அதனால்தான் 2019இல் கொம்பு ஓணான்கள், குள்ள ஓணான்கள், கறுப்புக் கன்னத்து ஓணான் ஆகியவற்றை அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்த்தார்கள். கடத்துபவன் முதலில் தேடி வருவது காட்டோரத்தில் இருக்கும் நம் பையன்களைத்தான். சில நூறு ரூபாய் கொடுப்பான், மாட்டிக்கொண்டால் வழக்கு பையன் மேல் விழும். வீட்டில் வைத்திருந்தாலும் அது பிழைக்காது. மேகம் இறங்கி நனைத்துவிட்டுப் போகும் பாசிக் காட்டுக்குப் பழகிய உடம்பு அது, அடுப்புப் புகை ஏறிய லயத்து அறையில் சில நாளில் காய்ந்து போகும். யாராவது பிடித்துவந்து கொடுத்திருந்தால், எந்த மரத்தில் எடுத்தார்கள் என்று கேட்டு அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். இடம் தெரியாவிட்டால் பக்கத்து வனஜீவராசிகள் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.